பிசிராந்தையார் வந்தார் சாமி!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அல்சூர் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலை. நாலு வருஷமா வாட்ஸ்அப்பில் மட்டுமே பழகின ஆறு பேர் முதன்முறையா நேரில் பார்த்துக்கிட்டோம். படத்தில் சுருட்டை முடியோட இருந்தவர் வழுக்கையோட வந்தார். எழுத்தில் வெட்டு குத்துன்னு சீறுகிறவர், "சர்க்கரை இல்லாம ஒரு காப்பி"ங்கிறதுக்கு மேல வாயைத் திறக்கலை. என் தொப்பையைப் பத்தி அவங்க என்ன நினைச்சாங்களோ :-)

பக்கத்து தர்ஷினியில் காப்பி குடிச்சுட்டுக் கிளம்பும்போது ஒருத்தர் சொன்னார்: "சந்திக்காமலே இருந்திருக்கலாம் சார். பார்க்காத நட்புதான் ஒசத்தி. பிசிராந்தையாரைப் பாருங்க." மத்தவங்களும் தலையாட்டினாங்க. எனக்கு வந்துச்சே கோபம்!

பிசிராந்தையாரைப் பாதியோட நிறுத்துறதே நம்மாளுங்களுக்கு வழக்கமாப் போச்சு. அவர் பாண்டிய நாட்டுப் புலவர், கோப்பெருஞ்சோழன் உறையூர் ராஜா. பார்க்காமலே நட்பு, சரி. அப்புறம்? பிள்ளைகளோட பகையாகி ராஜா வடக்கிருந்தப்போ, 'அவன் வருவான், இடம் வைங்க'ன்னார். சுத்தி இருந்தவங்க நம்பலை. ஆனா மனுஷன் வந்தார்! தானும் வடக்கிருந்து உயிரை விட்டார். அவர் வந்ததாலதான் அது கதை. வராம இருந்திருந்தா, யாரோ ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் புகழ்ந்துக்கிட்டாங்கன்னு போயிருக்கும்.

வள்ளுவரையும் இழுப்பாங்க. பழகிப் பார்க்க வேண்டாம், உணர்வு ஒத்தாலே நட்புன்னு 79ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கார், வாஸ்தவம். பக்கத்தைத் திருப்புங்க. 80ஆம் அதிகாரம் நட்பாராய்தல். ஆராயாம நட்புக் கொள்ளாதேன்னு அதே வள்ளுவர்தான் சொல்றார்.

ஆராயலைன்னா என்ன ஆகும்னு பேங்க் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற ஒரு அம்மா எஃப்டியை உடைக்க வந்தாங்க. வெளிநாட்டு நண்பர் அனுப்பின பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிக்கிச்சாம், வரி கட்டணுமாம். "வீடியோவில் ஒரு தடவை முகத்தைக் காட்டச் சொல்லுங்கம்மா"ன்னேன். கேமரா ரிப்பேராம். ரொம்ப நேரம் பேசினப்புறம் அன்னிக்கு டெபாசிட் உடையலை. அந்தம்மா இப்போ எங்கிட்டே பேசறதில்லை. வீடியோ வழியா கேஒய்சி செய்யலாம்னு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதிச்சப்போகூட, அதிகாரி நேரலையில் முகத்தைப் பார்த்தே ஆகணும்னுதான் விதி. ஒரு சேமிப்புக் கணக்குக்கே அந்தப் பாடு!

சரி, எல்லாரையும் பார்த்துட முடியுமா? முடியாது. கனடாவில் இருக்கிறவரை எங்கே போய்ப் பார்ப்பது? முன்பின் தெரியாதவரைச் சந்திக்கப் பெண்கள் தயங்குவதில் நியாயம் இருக்கு. பொது இடம், பகல் நேரம், வீட்டில் சொல்லிட்டுப் போறது, எல்லாம் வேணும்தான். என் சண்டை அவங்களோட இல்லை. பார்க்க முடிஞ்சும் சோம்பலுக்குத் தத்துவம் பூசுறவங்களோட.

அதில் நானும் ஒருத்தன். விஜயநகரில் ஒரு பெரியவர். 2017லேர்ந்து தினமும் எழுதுவார், 'தம்பி'ன்னுதான் ஆரம்பிப்பார். என் அப்பா போனப்போ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எழுத்தில் கூட உட்கார்ந்திருந்தார். அல்சூரில் ஏறினா பர்ப்பிள் லைனில் வண்டிகூட மாற வேண்டாம். "அவசியம் வரேன் சார்"னு நாலு வருஷம் எழுதினேன். 2021 மே மாசம் அவர் நம்பரிலிருந்து அவர் மகன் எழுதினார். ஊரடங்கு. மெட்ரோ ஓடலை. போகவும் முடியலை. அவர் குரல் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

இதே சிலையை 1991லேர்ந்து 18 வருஷம் திறக்காமலே மூடி வெச்சிருந்தாங்க. 2009 ஆகஸ்ட் 9இல் கருணாநிதி இங்கே வந்து திறந்தார். நாலே நாளில், 13ஆம் தேதி, எடியூரப்பா சென்னை வர, அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறந்தாச்சு. ரெண்டு முதல்வர்களும் ஒருத்தர் ஊருக்கு ஒருத்தர் போக வேண்டியிருந்தது.

அதனால வழுக்கையும் தொப்பையும் தெரிஞ்சா தெரியட்டும். பிசிராந்தையாரைப் பார்த்தே 'இந்த வயசில் நரைக்கலையே, எப்படி?'ன்னுதானே கேட்டாங்க :-)

வர்ற ரெண்டாம் சனிக்கிழமை எனக்கு லீவு. அதே சிலை, சாயங்காலம் அஞ்சு மணி. 'பார்க்காத நட்பே ஒசத்தி'ன்னு சொன்ன அண்ணன்தான் முதல்ல வரணும்.