பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்காதீங்க!

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் காரமடையில் ஜவுளிக்கடைக்கு அடுத்தபடியாகக் கூட்டம் நிற்பது பெயிண்ட் கடையில்தான். போகிக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும் என்று ஆளாளுக்கு பெயிண்டர் அண்ணன்களைத் தேடி அலைவார்கள். அட்வான்ஸ் கொடுத்தாலும் ஆள் கிடைக்காது. அப்படி அடித்துப் பிடித்து அடித்த பெயிண்ட், அடுத்த ஆடிக்குள் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு செதில் செதிலாக உரியும். உடனே கம்பெனியைத் திட்டுவோம். இல்லையென்றால், "தண்ணியை ஊத்திக் கலக்கிட்டாருங்க" என்று பெயிண்டரைத் திட்டுவோம்.

என்னைக் கேட்டால் பெரும்பாலும் ரெண்டு பேர் மேலும் தப்பில்லை. தப்பு காலண்டரில் இருக்கிறது.

நம்ம பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரைக்கும் இழுக்கும். செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் பஞ்சு மாதிரி. ரெண்டு மாசம் குடித்த தண்ணீரை ரெண்டு வாரத்தில் விட்டுவிடாது. அதற்குப் பிறகு மார்கழிப் பனி வேறு. தொட்டுப் பார்த்தால் சுவர் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதன் மேல் எமல்ஷன் அடித்து மூடிவிடுகிறோம். மாசி, பங்குனி வெயில் ஏறியதும் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். வழி இல்லை. பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் சங்கதி.

"அந்தக் காலத்துல எல்லாம் பொங்கலுக்குத்தானே வெள்ளையடிச்சாங்க?" என்று பாட்டிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்பு சுவர் மேல் ஒரு தோல் மாதிரி உட்காருவதில்லை. காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறி, சுவரோடு சுவராகிவிடும். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, ஈரம் அது பாட்டுக்கு வந்து போகும். உதிர்ந்தால்கூட மாவு மாதிரி உதிரும். அடுத்த வருஷம் இன்னொரு பூச்சு, செலவும் கொஞ்சம்தான். இன்றைக்கு நாம் அடிக்கிற எமல்ஷன் அப்படி அல்ல. பெயிண்டர்கள் அதை 'பிளாஸ்டிக் பெயிண்ட்' என்று சொல்வது ரொம்பச் சரி. காய்ந்தபின் அது மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான். அடிக்கிற பொருளை மாற்றிவிட்டோம், அடிக்கிற தேதியை மட்டும் மாற்றவில்லை.

அதனால் என் கட்சி இதுதான்: காரமடைக்காரர்கள் பொங்கலுக்கு வீட்டைக் கழுவி, ஒட்டடை அடித்து, கோலம் போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பெயிண்டை மாசி மகத்துக்கு, அரங்கநாதர் தேருக்கு அடிக்கலாம். தேருக்குத்தானே நிஜமாகவே சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள்! மழை நின்று ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகியிருக்கும், சித்திரை கோடை மழைக்கும் நாள் இருக்கும். பெயிண்டரும் அவசரப்படாமல் வேலை பார்ப்பார்.

ஆனால் தேதியை மாற்றினால் மட்டும் போதாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பெயிண்ட் உரிகிற இடமே அதைச் சொல்லிவிடும். சீலிங்கை ஒட்டி உரிந்தால் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் விரிசல் இருக்கும், அல்லது மழைத் தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் வேப்பிலையும் பாலிதீன் கவரும் அடைத்திருக்கும். டேங்க் நிரம்பி வழிகிற பக்கமும் பாருங்கள். சுவரின் நடுவில் மேப் மாதிரி ஒரு திட்டு என்றால் பின்பக்கம் பாத்ரூம் குழாய் கசிகிறது. ஜன்னலுக்குக் கீழே என்றால் சன்ஷேடில் தேங்குகிற தண்ணீர். தரையிலிருந்து மூணு அடி உயரம் வரைக்கும் வரிசையாக உரிந்தால் அதுதான் வம்பு பிடித்தது. கடைக்காலில் இருந்து ஓதம் ஏறுகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல் தண்ணீரை மேலே இழுக்கிறது. கட்டும்போதே தரைமட்டத்தில் ஈரம் ஏறாத ஒரு பட்டை போட்டிருக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் அது கிடையாது.

ஓதத்தோடு சேர்ந்து வருகிறவர் நம்ம ஊர் உப்பு. கோயம்புத்தூர் பக்கம் எந்த வீட்டிலும் 'நல்ல தண்ணி' தனி, 'உப்புத் தண்ணி' தனி. பில்லூர் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, போர் தண்ணீரில் வீடு கட்டுகிறோம். கலவைக்கும் அதே தண்ணீர், சுவரை நனைக்கவும் அதே தண்ணீர். ஈரம் ஆவியாகும்போது உப்பு சுவரின் முகப்பில் தங்கி, படிகமாகி, பூச்சையே நொறுக்கும். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு பூத்த மாதிரி நிற்குமே, அதேதான். இது நான் கண்டுபிடித்துச் சொல்கிற விஷயம் இல்லை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 (2000-ம் வருஷப் பதிப்பு) கான்கிரீட்டுக்கு ஊற்றுகிற தண்ணீருக்கே அளவு வைத்திருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட் என்றால் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. நம்மில் எத்தனை பேர் வீடு கட்டுமுன் போர் தண்ணீரை டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறோம்? டைல்ஸ் தேர்ந்தெடுக்க மூன்று நாள் அலைகிறோம்!

பூச்சு சரியில்லாத இடத்தில் பெயிண்ட் என்ன செய்யும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் 2021 ஆகஸ்டில் வந்தது. சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் ஏழைகளுக்காக அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. புதுக் கட்டடம், புதுப் பெயிண்ட். விரலால் சுரண்டினாலே சுவர்ப் பூச்சு கொட்டியது. வீடியோக்கள் எல்லா டி.வி.யிலும் வந்தன, சட்டசபை வரைக்கும் போனது, கடைசியில் ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சுவரைப் பார்த்து யாரும் பெயிண்ட் கம்பெனியைத் திட்டவில்லை. நம் வீட்டு விஷயத்தில் மட்டும் அந்தத் தெளிவு வருவதில்லை.

சரி, உரிந்துவிட்டது, என்ன செய்வது? முதலில் ஒழுக்கை அடைக்க வேண்டும். பிறகு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். 'டொக் டொக்' என்று பொள்ளலாகச் சத்தம் வந்தால் பெயிண்ட் மட்டும் இல்லை, பூச்சும் விட்டுவிட்டது, கொத்தி எடுத்துத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் உரிந்த இடத்தைத் தாண்டி, பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கிற இடம் வரைக்கும் சுரண்ட வேண்டும். உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது, உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடுங்கள். பிறகு காத்திருப்பு. பீரோவை நகர்த்தி, ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு சில வாரங்கள். புதுப் பூச்சு என்றால் நனைத்து முடித்தபின் ஒரு மாசமாவது.

காய்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒரு அடி சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் அது வீட்டுக்குள் இருக்கிற காற்றின் ஈரம். பத்து பைசா செலவில்லாத சோதனை. இதைச் செய்துவிட்டுத்தான் பிரைமர், பட்டி எல்லாம். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்தால் வெள்ளையாகப் பொடி ஒட்டுகிறதா? அது பழைய டிஸ்டெம்பர். அதன் மேல் அடித்தாலும் உரியும், அதையும் எடுத்துவிடுங்கள்.

கடையில் 'உள்ளே அடிக்கிற வாட்டர் புரூஃப்' என்று ஒரு டப்பாவைக் காட்டுவார்கள். மேலே ஒழுகும் மாடியை விட்டுவிட்டு உள்சுவரில் அதை அடிப்பது, வாயைப் பொத்தி இருமலை நிறுத்துகிற மாதிரி. ஓதம் ஏறும் சுவரில் கீழ் மூணு அடியை அடைத்தால் ஈரம் நாலாவது அடிக்குப் போகும். டைல்ஸ் ஒட்டினாலும் அதே கதைதான். அந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவது எனக்குக் கேவலமாகத் தெரியவில்லை.

அடிப்பதைவிடச் சுரண்டுவதுதான் பெரிய வேலை என்பது நம் வீட்டுக்கு மட்டும் அல்ல. ஸ்காட்லாந்தில் ஃபோர்த் ரயில் பாலம் என்று ஒன்று. ஒரு முனையில் முடிக்கும்போது மறுமுனையில் ஆரம்பிக்க வேண்டும் என்று நூறு வருஷமாகக் கிண்டல் செய்தார்கள். கடைசியில் பழைய பெயிண்ட் அத்தனையையும் இரும்பு தெரியச் சுரண்டி எடுத்துவிட்டு, மூன்று பூச்சு அடித்து 2011 டிசம்பரில் முடித்தார்கள். 25 வருஷம் தாங்கும் என்று கணக்கு. நம்ம கேட்டில் துருவின் மேலேயே எனாமல் அடிப்பவர்கள் யோசிக்கலாம் :)

சுரண்டும்போது ஒரு ஆபத்து இருக்கிறது, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய கதவு, ஜன்னல், கிரில்லில் இருக்கிற எனாமலில் ஈயம் இருக்கலாம். மஞ்சள், சிவப்பு, பச்சையில் முக்கியமாக. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது 2016-ல், அமலுக்கு வந்தது 2017 நவம்பர் 1-ல்தான். அதற்கு முன் அடித்ததற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. அந்தச் செதிலைக் குழந்தை வாயில் போட்டாலோ, தூசியை மூச்சில் இழுத்தாலோ மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் உப்புத்தாளைக் காய்ந்த மரத்தில் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நெருப்பு காட்டி உரிக்க விடாதீர்கள். தூசியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பெயிண்டர் அண்ணனுக்கு மாஸ்க் வாங்கிக் கொடுப்பது நம் செலவாக இருக்கட்டும். வருஷம் முழுக்க அந்தத் தூசியில் நிற்பவர் அவர்தான்.

இப்போது பி.காம். மாணவனாக எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். வாடகை வீட்டைக் காலி செய்தால் அட்வான்ஸில் ஒரு மாச வாடகையை 'பெயிண்டிங் சார்ஜ்' என்று பிடிப்பது நம் ஊரில் எழுதாத சட்டம். ரெண்டு வருஷம் ஓதச் சுவரோடு குடும்பம் நடத்தி, குழந்தைக்குச் சளி பிடித்து, கடைசியில் அந்தச் சுவருக்குப் பணமும் கட்டிவிட்டுப் போகிறார் குடியிருந்தவர். ஓனர் அதே ஈரத்தின் மேல் ஒரு கோட் அடித்து அடுத்தவருக்குக் காட்டுகிறார். மாடி ஒழுக்கை ஒரு தடவை சரிசெய்ய உதாரணத்துக்கு 40,000 ஆகும், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்டுக்கு 15,000 ஆகும் என்று வையுங்கள். ஆறு வருஷத்தில் பெயிண்ட் செலவு ஒழுக்குச் செலவைத் தாண்டிவிடும். ஆனால் அந்த 15,000 ஓனர் கையிலிருந்து போகவில்லையே, அவர் ஏன் 40,000 செலவழிக்கப் போகிறார்? இத்தனைக்கும் வருமான வரியில் வாடகை வருமானத்திலிருந்து 30 சதவீதம் கழிவு உண்டு. ரிப்பேர் செய்தாரா இல்லையா என்று யாரும் பில் கேட்பதில்லை. 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் ஓனர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. அதனால்தான் அக்ரிமெண்டில் அந்த ஒரு வரியை எழுதுகிறார்கள், நாமும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

படிப்பு முடித்து கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வீடு தேடப் போகிற நண்பர்களுக்கு: முடிந்தால் ஐப்பசி மழையில் போய் வீடு பாருங்கள். தை மாசம் பார்த்தால் எல்லா வீடும் புது வீடுதான். பீரோ வைக்கிற மூலையையும், சிங்க்குக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் கையால் தொட்டுப் பாருங்கள். குடியேறுகிற அன்றைக்கே நாலு சுவரையும் தேதியோடு போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.