பார்க்கின்சன் சிகிச்சை மருந்துச் சீட்டோடு முடிவதில்லை

பார்க்கின்சன் நோயாளியின் நாள் மாத்திரையின் கணக்கில்தான் ஓடுகிறது. லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்பவர், அதன் வீரியம் இறங்கியதும் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவிப்பார். பருப்பு, பால், முட்டை சேர்ந்த சாப்பாட்டோடு அதே மாத்திரையைப் போட்டால், உணவிலுள்ள புரதம் குறுக்கே நின்று மருந்து மூளைக்குப் போய்ச் சேர்வதைக் கெடுக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொல்கிறார்கள். வாசற்படியைத் தாண்டும்போது சிலருக்குப் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடக்கூடும். காலுக்கு முன்னால் குறுக்கே ஒரு கோடு தெரிந்தாலோ, பக்கத்தில் நிற்பவர் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று தாளம் போட்டாலோ பலரால் அடுத்த அடியை எடுத்து வைக்க முடிகிறது. இதையெல்லாம் மருந்துச் சீட்டில் எழுத இடமில்லை. புறநோயாளிகள் பிரிவின் நெரிசலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க நேரமும் இல்லை. நோயோடு வாழப் பழக்கும் சேவை வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பார்க்கின்சனை முறையாக அதற்குள் கொண்டுவருவதுதான் பாக்கி.

இது ஏதோ அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. உலக அளவில் 2019-ல் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்க்கின்சனுடன் வாழ்ந்ததாகவும், 25 ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயது ஏற ஏற வாய்ப்பும் கூடும் நோய் இது. 2021 மதிப்பீட்டின்படி தமிழக மக்கள்தொகையில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஆனால் நம் வீடுகளில் இந்த நோய் ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரே வார்த்தையில் கரைந்துபோகிறது. எல்லோருக்கும் கை நடுங்குவதில்லை. சிலருக்கு நடை தளரும், குரல் இறங்கும், கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கும், முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போகும். ‘பேச்சுக்குப் பதில் சொல்லாமல் முறைக்கிறார்’ என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். தடுமாறும் நடையைப் பார்த்துத் தெருவில் ‘குடித்திருக்கிறார்’ என்பார்கள். இந்தக் கூச்சத்தில் கல்யாண வீடு, கோயில், டீக்கடை என்று ஒவ்வொன்றாக நின்றுபோகிறது. வெளியே போவது குறைந்தால் உடல் அசைவும் குறையும். அசைவு குறைந்தால் விறைப்பும் மனச்சோர்வும் கூடும். மாத்திரை மட்டும் இந்தச் சுழலை உடைக்காது.

எது உடைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பார்க்கின்சனும் உடற்பயிற்சியும் குறித்து 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2023-ல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. நடனம், நீரில் பயிற்சி, தசை வலுப்படுத்தல் என்று பெரும்பாலான பயிற்சிகள் உடல் இயக்கத்துக்கோ வாழ்க்கைத் தரத்துக்கோ உதவுகின்றன. இந்த வகைதான் உசத்தி என்று சொல்லத் தெளிவான சான்று இல்லை என்பது அதன் சாரம். அப்படியானால் விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தவறாமல் செய்யவைக்கும் ஏற்பாடுதான் தேவை. நெதர்லாந்தில் 2004-ல் தொடங்கிய ‘பார்க்கின்சன்நெட்’, ஊர்ப்பக்கத்து இயன்முறை மருத்துவர்களுக்கு இந்த நோயில் தனிப் பயிற்சி கொடுத்து ஒரே வலையமைப்பில் இணைத்தது. அப்படிப் பயிற்சி பெற்றவர்களிடம் போன நோயாளிகளில் 17 சதவீதம் பேருக்கும், மற்றவர்களிடம் போனவர்களில் 21 சதவீதம் பேருக்கும் நோய் சார்ந்த சிக்கல்கள் வந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. செலவும் குறைந்தது. அது காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் புறந்தள்ளக்கூடிய சான்று அல்ல. நம் நாட்டிலேயே, மும்பையில் 2001-ல் தொடங்கிய பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறு சங்கம் பல நகரங்களில் இலவச ஆதரவுக் குழுக்களை நடத்திவருகிறது. ஒரு தன்னார்வ அமைப்பால் முடிவதை ஓர் அரசு இன்னும் பரவலாகச் செய்ய முடியும்.

தமிழக அரசிடம் இருப்பவற்றை எண்ணிப் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே மாத்திரை கொடுக்கிறது. இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் அதில் அடக்கம். மாற்றுத்திறனாளிகளுக்காக ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்திருக்கின்றன. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சனைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. செய்ய வேண்டியவை மூன்று. சுகாதாரத் தன்னார்வலர்களின் வீட்டுப் பதிவேட்டில் பார்க்கின்சனுக்கு ஒரு பத்தி வேண்டும். நோயைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலையல்ல. நடை தளர்ந்தவரை, அடிக்கடி விழுபவரை மருத்துவரிடம் அனுப்பிவைத்தாலே போதும். அடுத்து, வட்டாரத்துக்கு ஓர் இடத்தில் வாரம் ஒருநாள், நோயாளிகளுக்கு மாத்திரை வேலை செய்யும் முற்பகல் நேரமாகப் பார்த்து, உடற்பயிற்சி, குரல் பயிற்சி, விழுங்கும் பயிற்சி சேர்ந்த குழு அமர்வு நடக்க வேண்டும். மூன்றாவது, ஊனச் சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழு, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் மட்டும் நோயாளியைப் பார்த்து சதவீதம் போடக்கூடாது. ஒரே நாளில் நடப்பவராகவும் நடக்க முடியாதவராகவும் இருக்கும் ஒருவரைக் காலை பத்து மணிக்கு மட்டும் அளந்தால், சட்டம் தந்த உரிமை சான்றிதழ் மேசையிலேயே நின்றுவிடும்.

‘சர்க்கரை நோயாளிகளையே சமாளிக்க முடியவில்லை, இதற்கு ஆள் எங்கே?’ என்ற கேள்வி நியாயமானது. ஆள் பற்றாக்குறைதான் குழு அமர்வுக்கு ஆதரவான வாதமும்கூட. வீடு வீடாகப் போகும் ஓர் இயன்முறை மருத்துவர் ஒரு முற்பகலில் நான்கைந்து பேரைப் பார்ப்பதே பெரிது. அதே நேரத்தில் ஒரு கூடத்தில் பதினைந்து பேருக்குப் பயிற்சி கொடுத்துவிடலாம். மிச்சமாகும் நேரத்தை எழுந்து வர முடியாதவர்களின் வீட்டுக்குத் தரலாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சையும் பல மாதப் படுக்கையும் என்றால், அந்தச் செலவில் பெரும்பகுதி அரசு மருத்துவமனையின் தலையில்தான் விழுகிறது.

‘நம் ஊரில் குடும்பமே பார்த்துக்கொள்ளும்’ என்பது இன்னொரு பதில். பார்த்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் குடும்பம் என்பது பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ ஆகிய ஒரே பெண். இரவில் புரண்டு படுக்க உதவுவது, விழுந்தவரைத் தன் முதுகு பிடித்துக்கொள்ளாமல் தூக்குவது, உணவு புரையேறாமல் ஊட்டுவது எல்லாம் பாசம் இருந்தால் தானாக வந்துவிடும் திறமைகள் அல்ல. யாராவது சொல்லித்தர வேண்டும். குடும்பத்தின் இடத்தைச் சமூகம் பறித்துக்கொள்ளும் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. 1990-களில் கோழிக்கோட்டில் வேர்விட்ட நோய்த்தணிப்பு இயக்கம் அண்டை வீட்டாரையும் உள்ளாட்சியையும் சேர்த்துக்கொண்டதே தவிர, குடும்பத்தை விலக்கவில்லை.

நோய் முற்றியவர்களைப் பார்த்துப் புதியவர்கள் மனம் உடைந்துபோவார்கள் என்ற தயக்கத்தை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குத் தனி அமர்வு வைப்பதே அதற்கு வழி. குழு அமர்வு நோயைக் குணப்படுத்தாது. மருந்துக்கும் நரம்பியல் மருத்துவருக்கும் மாற்றாகவும் ஆகாது. அது தரக்கூடியது, மாத்திரையின் பலனை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டு சொந்தக் காலில் நடமாடும் சில ஆண்டுகளை. அதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ வேண்டாம். சுகாதாரத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், பராமரிப்பவர்களின் நிலை என்ன என்று கணக்கெடுத்து வெளியிடட்டும். மற்ற மாவட்டங்களுக்கு விரிப்பதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யலாம்.