கூச்சம் உயிரைக் குடிக்கலாமா?



வெள்ளைப்படுதல் என்ற வார்த்தையை நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. அம்மாவிடம் சொன்னால், "உடம்பு சூடு, இளநீர் குடி" என்பார்கள். மாமியாரிடம் சொன்னால், "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே, இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்பார்கள். புருஷனிடமோ சொல்லவே நா எழாது. இப்படிப் பேசாமல் மூடி வைப்பதால்தான், தடுக்கக்கூடிய ஒரு நோய்க்கு நம் பெண்கள் பலியாகிறார்கள். அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.

ஹெச்.பி.வி. என்ற வைரஸ் கிருமிதான் இந்தப் புற்றுநோய்க்குக் காரணம். தாம்பத்ய உறவின் வழியாகத் தொற்றுவது. இதைச் சொன்னதும், "ஐயோ, அப்படின்னா இது அந்த மாதிரி நோயா?" என்று முகம் மாறிவிடுகிறது. விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமான ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கிருமி வந்து போகிறது. அநேகமாக ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிப்போய், பத்து இருபது வருஷம் கழித்துப் புற்றாக மாறுகிறது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியாது. ஆகவே இதை வைத்து எந்தப் பெண்ணின் நடத்தையையும் எடைபோட வேண்டாம். ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறவளுக்கும் வரும்.

புற்றாக மாற இத்தனை வருஷம் ஆகிறதே, அதுதான் நமக்குக் கிடைத்த அவகாசம். அதற்குள் கண்டுபிடித்தால் முளையிலேயே கிள்ளிவிடலாம். கண்டுபிடிக்கும் முறையும் எளிது. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்த்து, கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் கழித்துப் பார்க்கிறார்கள். மாறுதல் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. (சமையலறை வினிகரை எடுத்து யாரும் வீட்டில் முயற்சி செய்துவிடாதீர்கள். பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும்.)

இந்த எளிய சோதனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது எந்த ஊர் தெரியுமா? நம் திண்டுக்கல் மாவட்டம்தான்! ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஆஸ்பத்திரியும், பிரான்சில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் மற்றவர்களோடு சேர்ந்து 2000-ம் ஆண்டில் இங்கே ஓர் ஆய்வைத் தொடங்கின. 57 பகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். 2003-க்குள் வந்தவர்கள் 31,343 பேர். சோதித்தது பயிற்சி பெற்ற நர்ஸுகள். பத்தில் ஒருவருக்கு மாறுதல் தெரிந்தது. அப்படித் தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேலும் பரிசோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைக்கும் சிகிச்சையை அன்றே நர்ஸுகளே செய்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு 57 பகுதிகளில் இந்தச் சோதனை செய்யப்படவில்லை. வழக்கமான வைத்தியம் மட்டும்தான். 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. ஒரே ஒரு முறை செய்த சோதனைக்கே இவ்வளவு பலன்!

ஆனால் சோதனை நடக்காத ஊர்களில் 30,958 பெண்களில் 92 பேர் 2006-க்குள் இந்த நோயால் இறந்துபோனார்கள். அவர்களைச் சோதிக்காமல் விட்டது நியாயமா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் மண்ணின் பெண்கள் உயிரைக் கொடுத்துத் தெரியவந்த உண்மை இது. அதை நாமே பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் எப்படி?

அந்த ஆய்வின்போதே, அழைக்கப்பட்ட 49,311 பேரில் சுமார் 18 ஆயிரம் பேர் வரவில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்விலோ, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இத்தனைக்கும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இது இலவசம்.

பெண்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் பூப்பறிக்கப் போகிறவளும், மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறவளும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியுமா? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பரிசோதனை வைக்கட்டும். மகளிர் சுய உதவிக் குழு கூடும் நாளில் ஊருக்கே வந்து செய்யட்டும். மறைவான அறையும், பெண் நர்ஸும் கட்டாயம் வேண்டும். நாலு பேர் காதில் விழும்படி, "என்னம்மா, வெள்ளைப்படுதா?" என்று கேட்டால் யார் மறுபடி வருவார்கள்?

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மேகம், வெட்டை என்று பாட்டிமார் சொன்ன பால்வினை நோய்கள் மருந்தால் குணமாகக் கூடியவை. ஆனால் மனைவி மட்டும் மாத்திரை சாப்பிட்டால் போதாது. இருவரும் சேர்ந்து சாப்பிடாவிட்டால் நோய் திரும்பத் திரும்ப வரும். டாக்டர் கூப்பிட்டால் கௌரவம் பார்க்காமல் போங்கள். மனைவி பரிசோதனைக்குக் கிளம்பும் நாளில், பிள்ளைகளையும் அடுப்படியையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பெண் குழந்தைகளுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் நல்ல பலன். 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் படிப்படியாகப் போடப்படும் என்று தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. "கல்யாணமாகாத பிள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி?" என்று தட்டிக் கழிக்காதீர்கள். கிருமி வருவதற்கு முன்னால் போட்டால்தான் அது தடுப்பூசி.

சகோதரிகளே! ஆரம்பத்தில் இந்த நோய்க்கு வலி கிடையாது. அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் முப்பது தாண்டியவர்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அக்கா, நாத்தனார், பக்கத்து வீட்டுத் தோழி என்று நாலு பேராகச் சேர்ந்து போங்கள். கூட்டாகப் போனால் கூச்சம் தானாகப் போய்விடும்.

- ஒரு வாசகி, நாகல்நகர், திண்டுக்கல்.