கார்ட்டில் கிடக்கும் பேஸ் கிட்டார்

நாலு மாசமா என் கார்ட்டில் ஒரு ஐந்து கம்பி பேஸ் கிட்டார் கிடக்கு. விலை 38,000 ரூபாய். 'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னு வேற கண்ணடிக்குது. அக்கவுண்ட்டில் இருப்பதோ அப்பா அனுப்பிய ஹாஸ்டல் ஃபீஸ்.

உங்க கார்ட்டிலும் கேமராவோ கீபோர்டோ இருக்கும். ஒரு கணக்கு போடுங்க: அதோட ரிவ்யூ வீடியோ பார்த்த நேரம் எவ்வளவு? கையில் இருக்கிறதை வச்சுப் பழகின நேரம் எவ்வளவு? எனக்கு விடை அசிங்கமா வந்துச்சு.

மோட்டவுன் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன். நாலே கம்பி. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். அறுந்தால்தான் கம்பி மாத்துவாராம். நானோ ஐந்தாவது கம்பி இல்லாததாலதான் வாசிப்பு வரலைன்னு நம்பிட்டிருந்தேன். அந்த லோ பி சுமார் 31 ஹெர்ட்ஸ். என் ரூமில் இருக்கும் 10 வாட் ஆம்ப்பில் அது ஒழுங்கா கேட்கவே கேட்காது (இஞ்சினியரிங் படிச்சும் இது இப்பதான் உறைச்சுது).

நல்ல கருவியே வேண்டாம்னு சொல்ல வரலை. சொந்தமா சம்பாதிச்சு வாங்குங்க, அதுவரை இருக்கிறதை வாசிங்க. ஃபீஸ் கட்டியாச்சு. பழைய பேஸுக்குப் புதுக் கம்பியும் மாட்டியாச்சு. கார்ட்டில் இருந்து அதை இன்னும் எடுக்கலை, அதையும் ஒத்துக்கிறேன்.