மூச்சு சீரானதும் மருந்தை நிறுத்தலாமா?

மூச்சிரைப்பு தணிந்ததும் இன்ஹேலரை எடுத்து அலமாரியில் வைத்துவிடும் வழக்கத்தை எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். "அது கடைசி மருந்து, பழகினால் விடமுடியாது" என்னும் அச்சமே இதற்குக் காரணம். இந்த அச்சம் ஆதாரமற்றது என்பது மட்டுமன்று, ஆபத்தானது என்பதும் எங்கள் கருத்து.

ஒரு கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம் அளவில் கிடைக்கிறது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுவதால் கைநடுக்கமும் படபடப்பும் உண்டாகலாம். இன்ஹேலர் மருந்தோ நேரே மூச்சுக்குழலைச் சேர்கிறது.

ஆயினும் சால்பியூட்டமால் தருவது உடனடி நிவாரணம் மட்டுமே. ஆஸ்துமாவின் வேர், மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள அழற்சி. அதைத் தணிப்பது பியூடிசோனைடு போன்ற தடுப்பு மருந்து. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்தை மட்டும் தந்து சிகிச்சை அளிக்கலாகாது என்று 'ஜினா' என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019-இல் அறிவுறுத்தியது. தொல்லை இல்லாத நாளிலும் அழற்சி உள்ளே தொடரலாம். மருத்துவரைக் கேளாமல் தடுப்பு மருந்தை நிறுத்துவது அடுத்த கடும் இழுப்புக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை நாளில் கூடி, விடுமுறையில் குறையும் இருமலும் இரைப்பும் இருந்தால், தங்கள் தொழில் இன்னதென்று மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். சிலிக்கா தூசியால் நுரையீரலில் தழும்பேறும் சிலிகோசிஸ் வேறு நோய். அத்தழும்பை எந்த இன்ஹேலரும் போக்காது. எனவே பட்டறையில் உலர்ந்த தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதே நலம். கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் தேவை.

மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் தங்கள் இன்ஹேலரைக் கொண்டுவந்து, செவிலியர் முன் ஒருமுறை பயன்படுத்திக் காட்டுங்கள். மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுத்துக்கொண்டே அழுத்தி, பத்து விநாடி அடக்க வேண்டும். தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். முறை தவறினால் நல்ல மருந்தும் தொண்டையோடு நின்றுவிடும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளியால் ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நிவாரண மருந்துக்குப் பின்னும் இரைப்பு தணியாவிட்டாலோ விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.