கைதியின் உடைமை எவருடையது?

பொகவந்தலாவையில் ஒரு தோட்டத் தொழிலாளி கைது செய்யப்பட்டு, ஹற்றன் நீதவான் முன் நிறுத்தப்பட்டு, விளக்கமறியலுக்கு அனுப்பப்படுகிறார் எனக் கொள்வோம். மடியிலிருந்த சம்பளக் காசு, அடையாள அட்டை, பெண்ணாயின் தோடு, மூக்குத்தி யாவும் வாங்கி வைக்கப்படுகின்றன. பிணையில் வெளிவந்த பின் அவற்றைக் கேட்க நம்மவர் அஞ்சுகின்றனர். கேட்டால் மீண்டும் உள்ளே போகவேண்டி வருமோ என்ற அச்சம்!

சட்டம் இவ்விடத்தில் ஊமையன்று. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 29 ஆம் பிரிவு, கைதானவரைச் சோதித்து, அவசியமான உடை நீங்கலாக மற்றவற்றைப் பத்திரமாக வைக்க அதிகாரம் தருகிறது. பத்திரப்படுத்துவது வேறு, பறிமுதல் வேறு. அவ்வாறு எடுத்ததை உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 431 ஆம் பிரிவு. அப்பொருள் எவருக்கு உரியது என்று கட்டளையிடுவது நீதவானின் பணி. பொலிஸ் நிலைய மேசையின் பணியன்று.

ஆயினும் அதே ஆண்டில் பிறந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு செய்ததென்ன? அச்சட்டத்தின் 2 ஆம், 3 ஆம் பிரிவுகளின்கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டவரின் அசையும், அசையாச் சொத்து முழுவதும் அத்தீர்ப்பினாலேயே குடியரசுக்குரியதாகும் என விதித்தது. சொத்துக்கெனத் தனி விசாரணை எதனையும் அது வேண்டவில்லை. இத்தகைய வழக்கத்தை இங்கிலாந்து 1870 இலேயே ஒழித்தது. 109 ஆண்டுகளின் பின் நம் பாராளுமன்றம் அதனைத் தூசு தட்டி எடுத்தது!

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்போ சொத்துரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்க்கவில்லை. 12 ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைப் பற்றிக்கொண்டு ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர்நீதிமன்றத்தை நாடலாம். ஒரு மூக்குத்திக்காகவா?

பம்பாய்ச் சிறையில் தடுத்து வைக்கப்பட்டிருந்த பிரபாகர் பாண்டுரங் சான்ஸ்கிரி, அணுவைப் பற்றி மராத்தியில் ஒரு விஞ்ஞான நூல் எழுதினார். கையெழுத்துப் படியை அச்சுக்கு அனுப்ப அரசாங்கம் மறுத்தது. தடுக்கும் விதி எதுவும் இல்லாதபோது தடுக்க அதிகாரமுமில்லை என்று 1965 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காகிதத்துக்குப் பொருந்துவது காசுக்கும் பொருந்துமன்றோ?

2015 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகள், கைதியின் பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, அதில் கைதியே ஒப்பமிடவேண்டும் என்கின்றன. வாசிக்க இயலாத மொழியில் எழுதிய பட்டியலில் இடும் ஒப்பம் என்ன ஒப்பம்? தமிழும் அரசகரும மொழியென 1987 இலேயே எழுதியாயிற்று. தோட்டங்களில் வழக்காடும் தொழிற்சங்கத்தார் பிணை மனுவோடு நின்றுவிடாமல், அதே நாளில், அதே நீதவானிடம், தமிழில் எழுதிய அப்பட்டியலையும் கேட்டு வாங்கவேண்டும்.