பத்திரம் யார் பீரோவில்?

உத்திரமேரூர் குடவோலை முறையை வகுப்பில் பெருமையோடு நடத்துகிறோம். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லும் தகுதிகளை நிறுத்தி நிதானமாகப் படித்ததுண்டா? கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வயது. அந்தக் குடத்தில் பெண் பெயர் விழ வழியே இல்லை. மனை யாருடையதோ குரலும் அவருடையது. இணையத்திலும் அதே கதைதான்.

புள்ளலூரில் இருந்துகொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சமூக ஊடகத்தில் கவிதை எழுதினேன். பிள்ளைப்பேறு பற்றிய ஒரு கவிதைமீது சிலர் கூட்டாகப் புகார் செய்தார்கள். கணக்கு மூடப்பட்டது. முறையிட்டேன், பதில் இல்லை. 2002இல் வந்த குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்புக்கு எதிராகக் கூச்சலிட்டவர்களால் அச்சான நூலை அழிக்க முடியவில்லை. இன்று ஒரு பொத்தான் போதும்.

“தனியாகத் தளம் எதற்கு மேடம்? வேண்டுமானால் நானே செய்து தருகிறேன்” என்றார் உடன் பணிபுரியும் ஒருவர். செய்து தருவார், கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கும். நிலம் தங்கை பெயரில், பத்திரம் அண்ணன் பீரோவில் என்பதை நாம் பார்க்காததா?

நானே இறங்கினேன். 2013இல் தொடங்கப்பட்ட நியோசிட்டீஸ் தளத்தில் காசில்லாமல் ஒரு ஜிபி இடம் கிடைக்கிறது, விளம்பரம் இல்லை. எச்டிஎம்எல்லில் தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி. யுடிஎஃப்-8 என்ற ஒரு வரியை விட்டுவிட்டதால் முதல்நாள் என் தமிழ் கிறுக்கலாகத் தெரிந்தது. மறுநாள் சரியானது. அசை, சீர், தளை பிரிக்கத் தெரிந்தவளுக்கு இது பெரிய வித்தையில்லை.

இதுவும் வாடகை இடம்தானே என்பீர்கள். உண்மை. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸை யாகூ 2009இல் மூடியபோது, ஆர்வலர்கள் படியெடுத்துக் காத்தவைதான் மிஞ்சின. ஆனால் என் பக்கங்கள் எளிய எழுத்துக் கோப்புகள். ஒரு படி பென்டிரைவில் இருக்கிறது. இங்கே கதவடைத்தால் அப்படியே வேறிடத்தில் ஏற்றிவிடுவேன். டொமைன் வாங்குபவர்கள் தங்கள் மின்னஞ்சலில், தங்கள் எண்ணில் வாங்குங்கள். கணவருடையதில் வேண்டாம்.

என் மாணவிகள் பலருக்குச் சொந்த அலைபேசிகூட இல்லை. அவர்களிடம் தளம் கட்டச் சொல்வது வசதிபடைத்தவள் பேச்சு என்றால் ஏற்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: கல்லூரிக் கணினி அறையை மாலையில் பூட்டாதீர்கள். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைக் கையிலெடுத்த வை.மு. கோதைநாயகி அம்மாள் யாருடைய பக்கத்திலும் இடம் கேட்டு நிற்கவில்லை. இந்தப் பிள்ளைகளும் நிற்க வேண்டாம்.